ஸ்கூல்ல பிள்ளைக்கு பல்லு உடைஞ்சா, விழுந்தா டீச்சர் என்ன பண்ணணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைங்களுக்கு பல் வைத்தியம் பாக்குறதுதான் என் வேலை. ஸ்கூல்ல விழுந்து முன்பல்லு போயி வர்ற பிள்ளைங்கள பாக்குறப்பல்லாம் மனச அறுக்குற விஷயம் ஒண்ணுதான், நிறைய பல்லு எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஸ்கூல்லயே செத்துப் போயிடுது. அடி பெருசுங்கிறதால இல்ல. முதல் அரை மணி நேரம் "யாருடா தள்ளுனது"ன்னு விசாரிக்கிறதுலயும், ரத்தத்த கழுவுறதுலயும், அப்பாவுக்கு போன் போட்டு அவர் எடுக்குற வரைக்கும் காத்துட்டு இருக்குறதுலயும் போயிடும், அதுக்குள்ள பல்லு டிஷ்யூ பேப்பர்லயோ ஜியாமெட்ரி பாக்ஸ்லயோ காஞ்சு கிடக்கும். அந்த நேரத்துல பக்கத்துல இருக்குறது டீச்சர் மட்டும்தான். அதனால ட்ரெயினிங்குக்கு போற இடத்துல எல்லாம் டீச்சர்ங்களும் பி.இ.டி. சாருங்களும் கேக்குற கேள்விகள சேத்து பதிலோட எழுதியிருக்கேன், நேரம் இல்லன்னா மூணாவது கேள்விய மட்டுமாவது படிச்சுடுங்க.

பிள்ளை விழுந்து வாயெல்லாம் ரத்தம். முதல்ல எத பாக்கணும்?

பல்ல இல்ல, பிள்ளைய பாருங்க. மயக்கம் போட்டுச்சா, வாந்தி எடுக்குதா, தூக்கம் தூக்கமா வருதுன்னு சொல்லுதா, பேச்சு குழறுதா, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி ஏதாவது வடியுதா? இதுல எது இருந்தாலும் அது தலைக்காயமா இருக்கலாம், உடனே 108 கூப்பிடுங்க, பல்ல அப்புறம் பாத்துக்கலாம். தாடை ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கு, வாய மூட முடியல, மேல் பல்லும் கீழ் பல்லும் சேரலன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

இது எதுவும் இல்லன்னா பிள்ளைய உக்கார வச்சு, தலைய கொஞ்சம் முன்னாடி சாய்க்க சொல்லுங்க (அண்ணாந்து பாக்க வச்சா ரத்தம் தொண்டைக்குள்ள போகும், வாந்தி வரும்), சுத்தமான துணிய மடிச்சு ரத்தம் வர்ற இடத்துல அழுத்தி ஒரு 10 நிமிஷம் எடுக்காம வச்சிருங்க. உதட்டுல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, சின்ன காயத்துக்கே சட்டை நனைஞ்சுடும், அத பாத்து நீங்க பதறுனா பிள்ளை இன்னும் பதறும். வெளிய கன்னத்துல, உதட்டுல துணில சுத்துன ஐஸ் வைக்கலாம்.

பால் பல்லா, நிரந்தரப் பல்லா? எப்படி தெரிஞ்சுக்கிறது?

இது தெரியாமதான் பாதி குழப்பம். ட்ரெயினிங்ல நான் முதல்ல கேக்குறதே இததான், நாலாவது படிக்கிற 9 வயசுப் பிள்ளைக்கு மேல நடு முன்பல்லு ரெண்டும் எந்தப் பல்லுன்னு. நிறைய பேர் பால் பல்லுன்னு சொல்லுவாங்க. இல்ல, அது நிரந்தரப் பல்லு. கீழ் முன்பல்லு 6, 7 வயசுலயே மாறிடும், மேல நடுப்பல்லு ரெண்டும் 7, 8 வயசுல வந்துடும், அதுக்கு பக்கத்துல இருக்குறது 8, 9 வயசுல. அடி அதிகமா படுறது மேல நடுப்பல்லு ரெண்டுலதான். அதனால மூணாவது, நாலாவது தாண்டுன பிள்ளைக்கு மேல் முன்பல்லு போனா அது திரும்ப முளைக்கிற பல்லு இல்லன்னு எடுத்துக்கோங்க.

ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்ககிட்டதான் சந்தேகம் வரும், ஏன்னா வாயில ரெண்டு வகையும் கலந்து இருக்கும். பால் பல்லு சின்னதா, நல்ல வெள்ளையா இருக்கும். நிரந்தரப் பல்லு பெருசா, லேசா மஞ்சள் கலந்து இருக்கும், புதுசா முளைச்சதுன்னா கடிக்கிற ஓரம் ரம்பம் மாதிரி மேடு மேடா இருக்கும். கையில எடுத்துப் பாத்தா வேர் நீளமா தெரியும், தானா விழுற நிலைமைல இருந்த பால் பல்லுக்கு வேரே அனேகமா இருக்காது. எவ்வளவு பாத்தும் சந்தேகம் தீரலன்னா திருப்பி வைக்காதீங்க, பால்ல போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போங்க, அவ்வளவுதான்.

நிரந்தரப் பல்லு வேரோட முழுசா வெளிய வந்துடுச்சு. என்ன பண்ணணும்?

திரும்ப அதே குழிக்குள்ள வைக்கணும். அதுவும் அங்கயே, அப்பவே, கிரவுண்டுல வச்சே.

இத கேட்டதும் எல்லா டீச்சர் முகமும் மாறும், தெரியும். ஆனா உலகம் முழுக்க பல் காயத்துக்கு வழிகாட்டுதல் போடுற ஐ.ஏ.டி.டி. அமைப்பு 2020ல வெளியிட்டதுலயும் இதான் இருக்கு, டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம சம்பவம் நடந்த இடத்துல இருக்குறவங்களே வைக்கணும்னு.

பல்ல தேடி எடுங்க. எடுக்கும்போது வெள்ளையா நாம சிரிச்சா தெரியுற பக்கத்த மட்டும் பிடிங்க, வேர தொடாதீங்க. வேர் மேல ஈரமா, இளஞ்சிவப்பா, நார் நாரா சவ்வு மாதிரி ஒட்டிட்டு இருக்கும். நிறைய பேர் அது ஏதோ அழுக்கு, சதைன்னு நினைச்சு நகத்தால சுரண்டி, கர்சீப்பால தொடச்சு, பளபளன்னு ஆக்கி கொண்டு வருவாங்க, ரொம்ப அக்கறையா செஞ்சிருப்பாங்க பாவம், ஆனா அந்த சவ்வுதான் பல்லோட உயிரே. எலும்போட பல்ல திரும்ப ஒட்ட வைக்கிறது அதுல இருக்குற செல்லுங்கதான்.

மண்ணு ஒட்டியிருந்தா கொஞ்சம் பாலோ சலைனோ ஊத்தி அலசுங்க, ரெண்டும் கையில இல்லன்னா குழாய்த் தண்ணில மெதுவா காட்டுங்க, 10 செகண்டுக்கு மேல வேண்டாம். தேய்க்கவே கூடாது. அப்புறம் பக்கத்துப் பல்ல பாத்து திசைய சரி பண்ணிக்கோங்க, மேடான வழவழப்பான பக்கம் உதட்டுப் பக்கம், குழிவான பக்கம் நாக்குப் பக்கம். குழிக்குள்ள வச்சு விரலால மெதுவா, ஆனா விடாம அழுத்துனா உள்ள போய் உக்காரும். அடிபட்ட உடனே அந்த இடம் கொஞ்சம் மரத்துப் போயிருக்கும், அதனால பிள்ளைங்க நாம பயப்படுற அளவுக்கு துடிக்கிறதில்ல. உக்காந்ததும் சுத்தமான கர்சீப்ப மடிச்சு மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல வச்சு லேசா கடிச்சுக்க சொல்லுங்க, அப்படியே பல் டாக்டர்கிட்ட கிளம்புங்க. கொஞ்சம் கோணலா போனாலும் பரவாயில்ல, அத நாங்க சரி பண்ணிக்குவோம். உள்ள போகவே மாட்டேங்குதுன்னா பலம் போட்டு திணிக்காதீங்க, பால்ல போடுங்க.

நான் டீச்சர், டாக்டர் இல்ல. தப்பாயிடுச்சுன்னா பேரன்ட்ஸ் என்னதான கேப்பாங்க?

இந்த பயம் நியாயமானது. தொட்டதுக்கும் கேள்வி வருது, தொடாததுக்கும் கேள்வி வருதுங்கிற நிலைமைலதான் இன்னிக்கு டீச்சர்ங்க வேலை பாக்குறாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, ஏற்கெனவே வெளிய வந்துட்ட பல்ல திருப்பி வச்சு நீங்க கெடுக்குறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, வைக்காம காய விட்டாதான் நிச்சயமா கெடும்.

சட்டம்னு பாத்தா, 2024 ஜூலைல இருந்து நடைமுறையில இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவோட 30வது பிரிவு, பழைய ஐ.பி.சி.ல 92வதா இருந்தது, நல்லெண்ணத்தோட ஒருத்தரோட நன்மைக்காக, சம்மதம் வாங்க வழியில்லாத சூழ்நிலைல செய்ற காரியம் குத்தம் ஆகாதுன்னு சொல்லுது. ஆனா சட்டத்த நம்பி தைரியம் வர்றத விட, முன்கூட்டியே பேரன்ட்ஸ்கிட்ட எழுதி வாங்கிட்டா வர்ற தைரியம் பெருசு. அட்மிஷன் பாரத்துலயோ, ஜூன் மாசம் நடக்குற பேரன்ட்ஸ் மீட்டிங்லயோ "அவசரத்துல முதலுதவி செய்ய, விழுந்த பல்ல திருப்பி வைக்க சம்மதம்"னு ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்குங்க. அப்பவே பிள்ளைக்கு இதய நோய் இருக்கா, வலிப்பு வருமா, ரத்தம் உறையாத பிரச்சினை இருக்கா, எதிர்ப்பு சக்தி குறையுற மருந்து சாப்பிடுதான்னும் கேட்டு வச்சுக்கலாம். இதய நோய், எதிர்ப்பு சக்தி குறைவு இருக்குற பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல வச்சு பல்ல திருப்பி வைக்க வேண்டாம், பால்ல போட்டு டாக்டர்கிட்ட முடிவ விட்டுடுங்க. மயக்கத்துல இருக்குற பிள்ளைக்கும், ரொம்ப முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் அதேதான்.

செய்யும்போது தனியா செய்யாதீங்க, இன்னொரு டீச்சர கூட நிக்க வைங்க. கையுறை போட்டுக்கோங்க. அவ்வளவு தூரம் தைரியம் வரலன்னாலும் தப்பில்ல, பால்ல போட்டு அனுப்புறதே பெரிய உதவி.

ஏன் இவ்வளவு அவசரம்? சாயங்காலம் கூட்டிட்டு போனா ஆகாதா?

நாத்து பிடுங்கி நடுறவங்களுக்கு இத சொல்லவே வேண்டாம், வேர் காயாம இருக்குற வரைக்கும்தான் பயிர் பிடிக்கும். பல்லும் அப்படித்தான். வெளிய வந்து 15 நிமிஷத்துக்குள்ள திரும்ப உள்ள போயிட்டா வேர் மேல இருக்குற செல்லுங்க பெரும்பாலும் உயிரோட இருக்கும். காத்துல காஞ்சு 1 மணி நேரம் ஆயிடுச்சுன்னா அந்த செல்லுங்க செத்துடுச்சுன்னே வச்சுக்கணும். 1966லயே டென்மார்க்ல ஆண்ட்ரியாசன்ங்கிற டாக்டரும் அவர் கூட இருந்தவரும், திருப்பி வச்ச 110 பல்ல தொடர்ந்து கவனிச்சு எழுதியிருக்காங்க. அந்த செல்லுங்க செத்துட்டா வேர் மெல்ல கரைய ஆரம்பிக்கும். 30 நிமிஷத்துக்குள்ள வச்சதுல 100க்கு 90 பல்லுல வேர் கரையல, 2 மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்ததுல 100க்கு 95ல கரைஞ்சுது. எங்க துறைல இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் சொல்ற கணக்கு இது.

அதனாலதான் சொல்றேன், நாங்க க்ளினிக்ல என்ன மெஷின் வச்சிருந்தாலும் அந்த முதல் 15 நிமிஷத்த எங்களால திருப்பிக் கொண்டு வர முடியாது. அது உங்க கையில இருக்கு.

வைக்க முடியல. எதுல போட்டு கொண்டு போறது?

பால். ஆவின் பாக்கெட் நீலமா பச்சையான்னு எல்லாம் பாக்க வேண்டாம், எந்தப் பாலும் ஓகே, ஜில்லுன்னு இருந்தா இன்னும் நல்லது, சர்க்கரை போடாம இருக்கணும். ஸ்கூல்ல பால் இல்லன்னா எதுத்தாப்ல இருக்குற டீக்கடைக்கு ஒரு பெரிய பையன ஓட விடுங்க, அடுப்புல கொதிச்சுட்டு இருக்குறது வேண்டாம், பாக்கெட்ட பிரிச்சு ஒரு டம்ளர் ஊத்தி தர சொல்லுங்க. காய்ச்சி ஆறுன பால்தான் கிடைச்சுதுன்னா காய விடுறதுக்கு அது எவ்வளவோ மேல். பால்ல இருந்தா அந்த செல்லுங்க சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும், அதுக்காக நிதானமா போகலாம்னு அர்த்தம் இல்ல.

பால் கிடைக்கவே இல்லன்னா ஒரு சின்ன கப்புல பிள்ளையவே எச்சில் துப்ப சொல்லி அதுல பல்ல போடுங்க. கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா அது அதே வாயோட எச்சில், நல்ல வேலை செய்யும். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா கன்னத்துக்குள்ள வச்சுக்க சொல்லலாம்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல பயம், அழுதுட்டு இருக்குற பிள்ளை முழுங்கிடும். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற நார்மல் சலைன் பாட்டிலும் ஓகே. ஹாங்க்ஸ் சொல்யூஷன்னு இதுக்குன்னே நல்லா வேலை செய்ற திரவம் ஒண்ணு இருக்கு, ஆனா நம்ம ஊர் ஸ்கூல்ல அத எதிர்பாக்க முடியாது.

சாதா தண்ணி கடைசி வழி. தண்ணில அந்த செல்லுங்க ஊதி வெடிச்சுடும், ஆனாலும் காஞ்சு போறதுக்கு பதிலா தண்ணி பரவாயில்ல. தயிர், மோர் வேண்டாம், புளிப்பு ஆகாது.

இளநீர்ல போடலாம்னு கேள்விப்பட்டேனே?

2008ல சென்னையில பண்ணின ஒரு லேப் ஆய்வுல பால விட இளநீர்ல செல்லுங்க அதிகமா உயிரோட இருந்துச்சுன்னு வந்துச்சு, அதுல இருந்துதான் இந்த பேச்சு. அப்புறம் வந்த சில ஆய்வுகள்ல அந்த அளவுக்கு நல்லா வரல, இளநீர் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. சர்வதேச வழிகாட்டுதல்ல இளநீர் இடம் பெறல. பால் கிடைக்கிற இடத்துல பால்தான்.

டெட்டால்ல கழுவி கொண்டு வரலாமா? காயத்துல மஞ்சள், காபித்தூள் வைக்கலாமா?

வேண்டாம், எதுவுமே வேண்டாம். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, சோப்புத் தண்ணி எல்லாம் கிருமிய கொல்ற மாதிரியே அந்த செல்லையும் கொன்னுடும். காபித்தூள் வச்சா ரத்தம் நிக்குற மாதிரி தெரியும், ஆனா அந்த தூள எல்லாம் நாங்க உக்காந்து எடுக்கணும், பிள்ளைக்குதான் வலி. துணி வச்சு அழுத்துங்க, அதுக்கே ரத்தம் நிக்கும்.

1 மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு, பல்லு காஞ்சு கிடக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

தயவு செஞ்சு போடாதீங்க. காஞ்ச பல்லையும் டாக்டர் திருப்பி வைப்பாங்க. அது வாழ்நாள் முழுக்க நிக்காது, கொஞ்ச வருஷத்துல எலும்போட ஒட்டி வேர் கரைய ஆரம்பிக்கும், ஆனா அந்த சில வருஷம் பெரிய விஷயம். வளர்ற வயசுல தாடை எலும்பு வத்தாம இருக்கும், பக்கத்துப் பல்லு சாயாம இருக்கும், பிள்ளை வாய மூடிக்காம சிரிக்கும். தாடை வளந்து முடியுற வரைக்கும் இம்ப்ளான்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்லு) போட முடியாது, 18 வயசுக்கு மேலதான் அத பத்தியே யோசிப்போம். 9 வயசுல பல்ல இழந்த பிள்ளைக்கு அது எவ்வளவு நீளமான காத்திருப்புன்னு பாருங்க.

பால் பல்லு விழுந்தா?

திருப்பி வைக்கவே கூடாது, அடியில வளந்துட்டு இருக்குற நிரந்தரப் பல்லு மேல போய் இடிக்கும். எல்.கே.ஜி., யு.கே.ஜி., அங்கன்வாடி டீச்சர்ங்க இத நல்லா ஞாபகம் வச்சுக்கணும். ஆனா "பால் பல்லுதான, வந்துடும்"னு அப்படியே விடவும் கூடாது. அந்த அடி அடியில இருக்குற பல்லையும் பாதிச்சு, பின்னாடி அது வெள்ளை, மஞ்சள் திட்டோட முளைக்கலாம், அதனால ஒரு தடவ பல் டாக்டர் பாத்துடணும்.

பல்லு விழல, பாதி உடைஞ்சிருக்கு. அதுக்கும் அவசரமா?

விழுந்த பல்லு அளவுக்கு நிமிஷக் கணக்கு இல்ல, ஆனா அன்னிக்கே காட்டணும். உடைஞ்ச துண்ட தேடுங்க, அதையும் பால்லயோ தண்ணிலயோ போட்டு கொண்டு வாங்க, அந்த துண்டையே பல சமயம் திரும்ப ஒட்டிடலாம், கலர், அளவு எல்லாம் அப்படியே பொருந்தும். நாங்க புதுசா எத வச்சு செஞ்சாலும் அந்த அளவுக்கு வராது.

உடைஞ்ச இடத்துல நடுவுல ரோஸ் கலர்ல ஒரு புள்ளி தெரிஞ்சா, இல்ல ரத்தம் துளிர்த்துட்டு இருந்தா, உள்ள நரம்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தம். வேர் இன்னும் முழுசா வளராத சின்னப் பிள்ளைன்னா அந்த நரம்ப காப்பாத்துறது ரொம்ப முக்கியம், காப்பாத்தவும் முடியும், லேட் பண்ண பண்ண சிரமம். காத்து பட்டா, தண்ணி பட்டா கூசும், அதனால வாய மூடி மூக்கால மூச்சு விட சொல்லுங்க.

இன்னொண்ணு, உதடு கிழிஞ்சு வீங்கியிருக்கு, உடைஞ்ச துண்டையும் காணோம்னா, துண்டு உதட்டுக்குள்ளயே புதைஞ்சு இருக்கலாம். தையல் போடுற டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும். உள்ளயே வச்சு தச்சுட்டா அப்புறம் சீழ் வைக்கும்.

பல்லு இடம் மாறியிருக்கு, ஆடுது, இல்லன்னா உள்ள போயிடுச்சு?

நீங்க ஆட்டிப் பாக்காதீங்க, பிள்ளையையும் நாக்கால தள்ள விடாதீங்க, அன்னிக்கே டாக்டர். இதுல ஒண்ணு கவனிக்கணும், சில நேரம் அடில பல்லு அப்படியே ஈறுக்குள்ள சொருகிடும், வெளிய இருந்து பாத்தா பல்லு விழுந்துட்ட மாதிரியே இருக்கும். கிரவுண்டு பூரா பசங்கள விட்டு தேடிட்டு இருப்பாங்க, பல்லு உள்ளதான் இருக்கும்.

பல்லக் காணவே காணோம்னா?

தேடுங்க, மண்ணு, சட்டைக் காலர், பாக்கெட், துப்புன இடம் எல்லாம். கிடைக்கலன்னா "கிடைக்கல"ன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும். முழுங்கியிருந்தா அனேகமா தானா வெளிய போயிடும், மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா ஆபத்து. விடாம இருமல், மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் இருந்தா காத்திருக்காம 108.

எங்க கூட்டிட்டு போறது?

பக்கத்துல எந்த பல் டாக்டர் இருக்காரோ அங்க. பெரிய இடம்தான் வேணும்னு 40 கிலோமீட்டர் போறத விட, பக்கத்துல இருக்குறவர் திருப்பி வச்சு கம்பி கட்டி விட்டுட்டா மீதிய அப்புறம் பாத்துக்கலாம். நிறைய தாலுகா அரசு ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில பல் பிரிவு இருக்கு. சென்னைல கோட்டை ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்துலயும் அரசு பல் கல்லூரி, 2023ல இருந்து புதுக்கோட்டைலயும் இருக்கு.

அடிபட்ட அன்னிக்கு இத தேடக் கூடாது. இப்பவே ஆபீஸ் ரூம்ல எச்.எம். டேபிளுக்கு பின்னாடி சுவத்துல, பக்கத்துல இருக்குற ரெண்டு பல் டாக்டர் போன் நம்பர், அவங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க, லஞ்ச் டைம்ல யார் இருப்பாங்கன்னு எழுதி ஒட்டிடுங்க. அடி பாதி நேரம் மதிய இடைவேளைலதான் படும், நிறைய க்ளினிக் அப்ப மூடியிருக்கும். கிளம்பும்போதே போன் போட்டு "பல்லு வேரோட விழுந்திருக்கு, பால்ல இருக்கு, வந்துட்டு இருக்கோம்"னு சொன்னா நாங்க எடுத்து வச்சுட்டு ரெடியா இருப்போம்.

பேரன்ட்ஸ்கிட்ட எப்ப, எப்படி சொல்றது?

பல்லு குழிக்குள்ளயோ பால்லயோ போன பிறகு. முதல்ல போன் இல்ல, முதல்ல பல்லு. நீங்க ஒருத்தர் பிள்ளைய பாக்கும்போது இன்னொரு டீச்சர் போன் பண்ணட்டும். "விழுந்துட்டான், முன்பல்லு வெளிய வந்துச்சு, பத்திரமா இருக்கு, நாங்க இந்த டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கோம், நீங்க நேரா அங்க வந்துடுங்க". அவங்க ஸ்கூலுக்கு வந்து, பாத்து, அழுது, அப்புறம் கிளம்புறதுன்னா அந்த நேரம் முழுக்க பல்லுக்குதான் நஷ்டம். எத்தனை மணிக்கு விழுந்துச்சு, எவ்வளவு நேரம் காத்துல இருந்துச்சு, எப்ப பால்ல போட்டீங்கன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பிள்ளையோட அனுப்புங்க. நாங்க என்ன ட்ரீட்மென்ட்னு முடிவு பண்றதே அந்த மூணு நேரத்த வச்சுதான். மண்ணுல விழுந்திருந்தா டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டதுன்னு பேரன்ட்ஸ்கிட்ட கேளுங்க, 5, 6 வயசுல ஒண்ணு, 10 வயசுல ஒண்ணு, 16 வயசுல ஒண்ணு போட்டிருப்பாங்க.

யார் தள்ளுனதுங்கிற விசாரணைய நாளைக்கு வச்சுக்கலாம்.

உண்மையிலேயே டீச்சர்ங்களுக்கு இதெல்லாம் தெரியலயா?

தெரியல, ஆனா அது அவங்க தப்பு இல்ல. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. பெங்களூருல பி.இ.டி. ஆசிரியர்கள்கிட்ட எடுத்து 2009ல வந்த சர்வேல இருந்து பல நாட்டுல எடுத்த சர்வே வரைக்கும் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் வருது, பல்ல திருப்பி வைக்கலாம்னே பெரும்பாலானவங்களுக்குத் தெரியல, ஆனா கத்துக் குடுத்தா கத்துக்கிறோம்னு சொல்றாங்க. முதலுதவி ட்ரெயினிங் போனவங்ககிட்ட கேட்டா கூட கட்டு போடுறது, பாம்புக் கடி, தீக்காயம் எல்லாம் சொல்லுவாங்க, பல்லு அதுல வந்திருக்காது. ஸ்கூல் போற பிள்ளைங்கள்ல 4ல 1 பிள்ளைக்கு பல்லுல ஏதோ ஒரு அடி படுதுன்னு ஐ.ஏ.டி.டி. சொல்லுது. இவ்வளவு சாதாரணமா நடக்குற விஷயம் நம்ம ட்ரெயினிங்ல இல்லாம இருக்குறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, ஸ்கூலா என்ன ஏற்பாடு பண்ணலாம்?

போஸ்டர்ல ஆரம்பிங்க. ஹாங்காங்ல ஸ்கூல் டீச்சர்ங்கள வச்சு முறையா ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, இந்த முதலுதவி போஸ்டர ஒட்டுன ஸ்கூல் டீச்சர்ங்களுக்கு ஒட்டாத ஸ்கூல விட விஷயம் நல்லா தெரிஞ்சிருந்துச்சு. வெறும் போஸ்டருக்கே அந்த பலன். நோட்டீஸ் போர்டுல சர்க்குலருக்கு அடியில மறைஞ்சு போகாம ஸ்டாஃப் ரூம்லயும், பி.இ.டி. சார் பந்து, கயிறு எல்லாம் வைக்கிற ரூம்லயும் ஒட்டுங்க. போன்ல டூத் எஸ்.ஓ.எஸ்.னு ஐ.ஏ.டி.டி.யோட ஆப் இருக்கு, இலவசம்தான்.

முதலுதவிப் பெட்டில ரெண்டு ஜோடி கையுறை, காஸ் துணி, மூடி போட்ட ஒரு சின்ன டப்பா, ஒரு சலைன் பாட்டில் சேத்துடுங்க, எக்ஸ்பைரி தேதி பாத்து மாத்துங்க. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ பக்கத்துல இருக்குற பல் டாக்டர கூப்பிட்டு அரை மணி நேரம் பேச சொல்லுங்க. நிஜமா சொல்றேன், கூப்பிட்டா நாங்க வருவோம். பிள்ளைங்க உடம்ப செக் பண்ற அரசு ஆர்.பி.எஸ்.கே. டீம் ஸ்கூலுக்கு வரும்போது அவங்ககிட்டயும் கேக்கலாம். பேச்சு மட்டும் போதாது, பிளாஸ்டிக் தாடை மாடல்ல ஒவ்வொரு டீச்சரும் ஒரு தடவயாவது பல்ல பிடிச்சு, திருப்பி வச்சுப் பாக்கணும், ஒரு தடவ கை பழகிட்டா அந்த பயம் பாதி போயிடும். ஆயா அம்மா, வாட்ச்மேன், சத்துணவு அக்கா, வேன் டிரைவர் எல்லாரையும் உக்கார வைங்க, ஏன்னா விழும்போது பக்கத்துல இருக்குறது அவங்களா இருக்கலாம்.

எந்தப் பிள்ளைக்கு ரிஸ்க் ஜாஸ்தி?

மேல் முன்பல்லு தூக்கலா, உதட்டுக்கு வெளிய தெரியுற பிள்ளைங்களுக்குதான் முதல் ஆபத்து, விழும்போது உதடு தாங்காது, நேரா பல்லுல படும். அப்படி ஒரு பிள்ளைய பாத்தீங்கன்னா பேரன்ட்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, கிண்டல் இல்லாம. இடம்னு பாத்தா தண்ணித் தொட்டி, குழாயடி வழுக்கல், மாடிப்படி, தண்ணி குடிச்சுட்டு இருக்கும்போது பின்னால இருந்து தள்ளுறது, ஸ்டீல் வாட்டர் பாட்டில வாயில வச்சிருக்கும்போது மோதுறது, இதெல்லாம்தான் நான் அதிகமா கேக்குறது. பி.இ.டி. பீரியட விட இடைவேளைலதான் கண்ணு வேணும். ஹாக்கி, பாக்ஸிங், டேக்வாண்டோ ஆடுற பிள்ளைங்களுக்கு மவுத் கார்டு (பல்லு மேல மாட்டுற கவசம்) கட்டாயம், கபடிக்கும் போட்டா நல்லது.

ட்ரீட்மென்ட் முடிஞ்சு பிள்ளை திரும்ப ஸ்கூலுக்கு வந்துடுச்சு. நாங்க ஏதாவது பாத்துக்கணுமா?

ஆமா, நிறைய இருக்கு. பல்ல பக்கத்துப் பல்லோட சேத்து மெல்லிசான கம்பில ஒட்டியிருப்போம், பெரும்பாலும் 2 வாரம் இருக்கும். அது வரைக்கும் முறுக்கு, கரும்பு, முழு ஆப்பிள், கொய்யா முன்பல்லால கடிக்கக் கூடாது, சத்துணவுல முட்டைய பிச்சு சின்னதா குடுங்க, சாதத்த குழைச்சு சாப்பிட சொல்லுங்க. இடிச்சு ஆடுற விளையாட்டு வேண்டாம், ஆனா தனியா கிளாஸ்ல உக்கார வைக்காதீங்க, ஸ்கோர் எழுதுற வேலை குடுங்க. "கம்பிப் பல்லு"ன்னு பசங்க கூப்பிட ஆரம்பிச்சா முதல் நாளே நிறுத்திடுங்க, அதுக்கு பயந்தே ஸ்கூலுக்கு வராம இருக்குற பிள்ளைங்க உண்டு.

கொஞ்ச மாசம் கழிச்சு அந்தப் பல்லு சாம்பல் கலரா மாறுனாலும், ஈறுல சின்ன கொப்புளம் வந்தாலும், பக்கத்துப் பல்ல விட அது குட்டையா தெரிஞ்சாலும் பேரன்ட்ஸ்கிட்ட சொல்லுங்க. தினமும் நேருக்கு நேரா பேசுற உங்க கண்ணுக்குதான் அது முதல்ல படும், வலி இருக்காதுங்கிறதால வீட்ல கவனிக்க மாட்டாங்க. திருப்பி வச்ச பல்லுக்கு 2 வாரம், 4 வாரம், 3 மாசம், 6 மாசம், 1 வருஷம்னு செக்கப் இருக்கு, அப்புறம் கொறஞ்சது 5 வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவ. வேர் கரையுறது எக்ஸ்ரேலதான் தெரியும், அதனால செக்கப்புக்கு அரை நாள் லீவு கேட்டு வந்தா, பரீட்சை நேரமா இருந்தாலும் அனுப்பி வைங்க.